தண்ணி குடிக்காத இருவாச்சியும் மடுத் தேர்தலும்

நாங்கு மரத்துப் பொந்துக்குள்ள ஒச்சம்மா அடைபட்டு அம்பது நாளாச்சு.

ஒச்சம்மா ஒரு இருவாச்சிப் பறவை. இருவாச்சிப் பொம்பளைங்க முட்டை போடுற காலத்துல மரப்பொந்துக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு, வாசலை மண்ணு பூசி அடைச்சிருவாங்க. மூக்கு நுழையுற அளவுக்கு ஒரே ஒரு சந்து விடுவாங்க. உள்ள போனதும் றெக்கையெல்லாம் உதுந்துரும். பறக்கவும் முடியாது, வெளிய வரவும் முடியாது. புருசன்காரன்தான் பழம் கொண்டாந்து அந்தச் சந்து வழியா ஊட்டணும். அவன் வந்தா சோறு, வரலைன்னா பட்டினி.

ஒச்சம்மா புருசன் பேரு சடையாண்டி. நல்லவன்தான். தலைமேல மஞ்சக் கொண்டை. ரெண்டு மலை தாண்டிக் கேக்குற தொண்டை. பறந்தா ரயிலு வர்ற மாதிரி சத்தம். கீழ மேயுற மானெல்லாம் ஒரு தடவை ஒதுங்கி நின்னு பாத்துட்டுத்தான் மறுபடி மேயும்.

உள்ள குஞ்சு பொரிச்சுப் பத்து நாளு. உடம்புல ஒரு பூமயிர் கிடையாது. கண்ணு இன்னும் தொறக்கல. வாயை மட்டும் பொறந்ததுல இருந்து மூடவே இல்ல. அப்பன் புள்ளையில்ல!

பக்கத்து மரத்துல சுருளின்னு ஒரு மலை அணிலு குடியிருந்தான். சடையாண்டி பழத்துக்குப் போயிட்டா, பொந்துக்குக் காவல் சுருளிதான். மரநாய் வாசம் அடிச்சாப் போதும், அவன் போடுற கூப்பாட்டுல மரநாயே வெக்கப்பட்டுத் திரும்பிரும். ஒச்சம்மாவை அக்கான்னுவான், சடையாண்டிய மாமான்னுவான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இச்சி மரம், பக்கத்துல பழுத்திருந்தது அது ஒண்ணுதான். மாமனும் மாப்ளையும் தினம் அங்கதான் ஒண்ணாப் போய்ப் பழம் பறிப்பாங்க.

இப்படிப் போய்க்கிட்டிருந்த பொழப்புல, காட்டுத் தலைவர் தேர்தல் வந்துச்சு.

நின்னவங்க ரெண்டு பேரு. பெருமாயின்னு ஒரு பெண்யானை. கருத்தமலைன்னு ஒரு காட்டெருமை. கோடையில மடுவுல தண்ணி குடிக்கிறது எப்படிங்கிறதுதான் பிரச்சனை. "முறை வச்சுக் குடிப்போம்"னு பெருமாயி சொன்னா. "முறையெல்லாம் வேணாம், முதல்ல வந்தவன் முதல்ல குடிக்கட்டும்"னு கருத்தமலை சொன்னான். ரெண்டுலயும் ஞாயம் இருந்துச்சு.

பெருமாயி கட்சிக்காரங்க நெத்தியில செம்மண்ணு பூசிக்கிட்டாங்க. காட்டெருமைக்குக் கால் நாலும் வெள்ளையா இருக்குமில்ல, அதனால கருத்தமலை கட்சிக்காரங்க கால்ல வெள்ளைக் களிமண்ணு பூசிக்கிட்டாங்க.

சடையாண்டி ஒருநாள் கொண்டையெல்லாம் செம்மண்ணோட வந்து நின்னான்.

"என்னய்யா இது, எங்க போய் முட்டிக்கிட்டே?"ன்னா ஒச்சம்மா, சந்து வழியா.

"முட்டலடி! நான் பெருமாயி கட்சி. நட்சத்திரப் பேச்சாளர் ஆக்கியிருக்காங்க! இந்தத் தொண்டைக்குக் காடே மயங்குதாம்!"

"ஏய்யா, நாமெல்லாம் பழத்துல இருக்கிற தண்ணியிலயே பொழைக்கிற சாதி. நீ என்னைக்காவது மடுவுல எறங்கி ஒரு மடக்கு குடிச்சிருக்கியா?"

"அது கொள்கைடி! உனக்குப் புரியாது!"

"கொள்கை இருக்கட்டும். பழம் எங்க?"

பழத்தை மறந்துட்டான். ஓடினான்.

இச்சி மரத்துல சுருளி கால்ல வெள்ளையோட உக்காந்திருந்தான். மாமன் தலையப் பாத்தான், தன் காலப் பாத்தான், சிரிச்சுட்டான்.

"சரிதான் மாமா! ஒரு மடக்கு தண்ணிக்கு அணிலு முறைக்கு நின்னா, யானைக் கூட்டம் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வாலு காஞ்சுரும். அதான் நான் இந்தப் பக்கம். விடுங்க, மேல் கிளையில நல்லாப் பழுத்திருக்கு, வாங்க!"

அன்னைக்கு அவ்வளவுதான். சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

நாலு நாள் கழிச்சு உப்புப் பாறையில கூட்டம். சடையாண்டி பாறை உச்சியில ஏறி, முறைத் தண்ணியப் பத்தி நல்லாத்தான் பேசினான். கடமான் கொட்டாவி விட்டுச்சு. காட்டுக்கோழி பின்னாடி திரும்பிப் புழு கிண்ட ஆரம்பிச்சுருச்சு. சடையாண்டிக்கு வேர்த்துப்போச்சு.

என்ன செய்யன்னு தெரியாம, "எதிர்க்கட்சியில ஒரு அணிலு இருக்கான்! வாலு நாலு முழம், மூளை நாலு கடுகு!"ன்னு அடிச்சு விட்டான்.

கூட்டம் குலுங்கிச் சிரிச்சுது. றெக்கையத் தட்டுது, குளம்பைத் தட்டுது!

"இன்னொண்ணு சொல்லுண்ணே!"ன்னு கத்தினான் சன்னாசி. சன்னாசி ஒரு குக்குறுவான் குருவி. கட்சியில சடையாண்டிக்கு வலது றெக்கை.

சடையாண்டிக்கு அந்தச் சத்தம் இச்சிப்பழத்தை விட ருசியா இருந்துச்சு. இன்னும் வேணும்னு இருந்துச்சு. கழுத்தை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினான்:

"கால்ல வெள்ளை பூசினவன் எவனும் இந்தக் காட்டுக்காரனே கிடையாது! நாம ஜெயிச்ச மறுநாள் அவனுகளுக்கும் பழம் கிடையாது, அவனுக குட்டிகளுக்கும் பழம் கிடையாது! பட்டினியாக் கிடந்து சாகட்டும்!"

பாறையே ஆடிப்போச்சு, அப்படி ஒரு ஆரவாரம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல, பாறை ஓரத்து மரத்துல ஒரு கிளை மட்டும் லேசா அசைஞ்சுது. சுருளி அங்கதான் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தான். மாமன் பேசுறதக் கேக்க வந்தவன், பாதியிலயே எறங்கிப் போயிட்டான். சடையாண்டி பாத்தான். பாக்காத மாதிரி இருந்துட்டான்.

சாயந்தரம் ஒச்சம்மா கேட்டா: "சுருளித் தம்பி சத்தத்தையே காணோமே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன வைத்தியனா?"

"ஏன்யா வள்ளுன்னு விழுறே? கூட்டத்துல என்னத்தப் பேசினே?"

"கொள்கைதான் பேசினேன்"னான் சடையாண்டி. ஆனா அவ முகத்தைப் பாத்துச் சொல்லல.

வாயில இருந்து வந்தது காட்டுல நடந்து போகாது, பறக்கும். விடியுறதுக்குள்ள கருத்தமலை கட்சிக் குரங்குகளுக்கு விசயம் போயிருச்சு. காலையில சடையாண்டி இச்சி மரத்துக்குப் போனா, கிளைக்கு நாலு குரங்கு! எல்லாருக்கும் கால்ல வெள்ளை. நடுவுல மொக்கையன்னு தலைவன் குரங்கு.

"வாங்க நட்சத்திரம்! என்ன வேணும்?"

"பழம் வேணும். தள்ளு!"

"எங்க குட்டிகளுக்குப் பழம் கிடையாதுன்னீங்களாமே? அதையேதான் நாங்களும் சொல்றோம். உங்க குட்டிக்குக் கிடையாது!"

"டேய் சேத்துக்காலா! மரம் உங்கப்பன் நட்டதா?"

"நடலடா செம்மண்டையா! ஆனா உக்காந்திருக்கிறது நாங்கதான்!"

அதோட திரும்பியிருக்கலாம். உள்ள குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு, ரோசத்தை அப்புறம் பாக்கலாம்னு நினைச்சிருக்கலாம். நட்சத்திரமாச்சே, முடியுமா! அலகை நீட்டிக்கிட்டு உள்ள பாஞ்சான். அம்புட்டுக் குரங்கும் ஒண்ணா விழுந்துச்சு. ஒண்ணு கழுத்தைப் புடிச்சுது, ஒண்ணு வாலைப் புடிச்சுது, மொக்கையன் வலது றெக்கையக் கடிச்சு இழுத்தான். நீளமான எறகு ஆறு அவன் வாயோட போச்சு.

சடையாண்டி சுத்திச் சுத்தி வந்து ஓடைக்கரைப் புதர்ல விழுந்தான். எந்திரிச்சு றெக்கைய விரிச்சான். ரயிலு சத்தம் வரல. பறக்க முடியல.

அவனுக்கு றெக்கை வலி பெருசாத் தெரியல. "ஒச்சு பசியா இருப்பாளே"ங்கிறது ஒண்ணுதான் ஓடுச்சு.

கொஞ்ச நேரத்துல சன்னாசி பத்துப் பேரோட வந்தான்.

"அண்ணே! உங்க ரத்தம் வீண் போகாதுண்ணே! இன்னைக்கு மத்தியானமே கண்டனக் கூட்டம்!"

"கூட்டம் கிடக்கட்டும் சன்னாசி. நீ போய் எங்கயாவது நாலு பழம் பறிச்சு உங்க அண்ணிகிட்டக் குடுத்துட்டு வா."

"கட்டாயமாண்ணே! கூட்டம் முடிஞ்சதும் முதல் வேலை அதுதான்! அந்த உதுந்த எறகு எதுவும் இருக்கா? கூட்டத்துல தூக்கிக் காட்டுனா நல்லா எடுபடும்!"

"எறகு கிடையாதுப்பா. பழம்!"

"நீங்க தியாகிண்ணே! தியாகி இப்படி எல்லாம் பழத்தைப் பத்திப் பேசக்கூடாது!"

கோசம் போட்டுக்கிட்டே போயிட்டாங்க. கண்டனக் கூட்டம் முடிஞ்சு, அதுக்கு எதிர்க் கண்டனக் கூட்டம் வந்து, அதையும் கண்டிச்சு இன்னொரு கூட்டம் போட்டாங்க. பழம் மட்டும் போகல.

சடையாண்டி தரையில தத்தித் தத்தி நாங்கு மரத்துக்கு வந்தான். இருவாச்சி தரையில தத்துறதப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்னைக்கு யாரும் சிரிக்கல. கல்லு இருக்கு, முள்ளு இருக்கு, ஓடையில வேற பாறைக்குப் பாறை குதிச்சு வரணும். மரத்தடிக்கு வரும்போது பொழுது சாய ஆரம்பிச்சிருந்துச்சு.

மேல பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. அண்ணாந்து பாத்தான்.

பொந்துச் சந்துல சுருளி தொங்கிக்கிட்டு இருந்தான். கன்னத்துக்குள்ள அடக்கி வச்சிருந்த பழத்தை ஒண்ணொண்ணா எடுத்து உள்ள குடுக்குறான்.

"மெதுவாக்கா, மெதுவா. விரலைக் கடிக்கிறான் உங்க மகன்."

"பசி தம்பி. எங்க வீட்டுக்காரரு எங்க?"

"வந்துருவாருக்கா. மாமனுக்குக் கூட்டம் இருக்கும்."

வேற எதுவும் சொல்லல அவன். மரத்தடியில சடையாண்டி, மேல தொங்குற அந்த வாலையே பாத்துக்கிட்டு நின்னான். நாலு முழம்னு அவன் கேலி பண்ணின வாலு.

அப்போ எதிர்க் கிளைக்கு மொக்கையன் குதிச்சு வந்தான்.

"டேய் சுருளி! நம்மளப் பட்டினி கிடந்து சாகச் சொன்னவன் வீட்டுக்கே பழம் சுமக்குறியா? உனக்கு மானம் இல்ல?"

"என்னையத்தான்யா முதல்ல சொன்னாரு. நாலு கடுகு மூளைன்னாரு. எனக்கு இல்லாத கோவம் உனக்கு எங்க இருந்துய்யா வருது? உள்ள இருக்கிறவன் இன்னும் கண்ணே தொறக்கல. அவனப் போய் நீ எந்தக் கட்சியில சேத்தே?"

மொக்கையன் பாஞ்சு வந்து சுருளி காலப் புடிச்சு, வெள்ளைக் களிமண்ணை நகத்தால வழிச்சு எடுத்தான்.

"இனி நீ கட்சியில இல்ல! நாளைக்கு இச்சி மரத்துப் பக்கம் உன் வாலு தெரிஞ்சா, அதுவும் உன்கிட்ட இருக்காது!"

போயிட்டான். ஆக, இருந்த ஒரு வழியும் அடைஞ்சு போச்சு.

"மாப்ள"ன்னான் சடையாண்டி கீழ இருந்து.

சுருளி எறங்கி வந்தான். றெக்கையப் பாத்தான்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

"நீ என்னையத் திட்டிரு மாப்ள. அது இத விட வலிக்காது."

"திட்டலாம்னுதான் நாலு நல்ல வார்த்தையா யோசிச்சு வச்சிருந்தேன். உங்களப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. நாலு கடுகு மூளைதானே!"

சடையாண்டி தலைய மண்ணுல கவுத்துக்கிட்டான்.

மறுநாள் காலையில அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தலைவிகிட்டயே போய் முறையிடுவோம்! பெருமாயி ஒரு வார்த்தை சொன்னா காடே கேக்கும். நம்ம தொண்டைய நம்பித்தானே அந்தம்மா தேர்தல்லயே நிக்குது!

தத்தித் தத்தி மடுவுக்குப் போனான். போய்ப் பாத்தா அப்படியே நின்னுட்டான்.

மடுச் சேத்துல பெருமாயியும் கருத்தமலையும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்காங்க! பெருமாயி தும்பிக்கையால கருத்தமலை முதுகுல சேத்தை வாரி அடிக்கிறா. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தாயி, அங்கதான் உண்ணி கடிக்குது"ங்கிறான் அவன்.

"தாயி!"ன்னான் சடையாண்டி.

பெருமாயி திரும்பிப் பாத்தா. "யாருப்பா நீ?"

"உங்க நட்சத்திரப் பேச்சாளர் தாயி! சடையாண்டி!"

"அப்படியா! எனக்குன்னு பேச்சாளரெல்லாம் வச்சிருக்காங்களா? றெக்கையில என்னப்பா காயம்?"

"இவுக ஆளுங்க கடிச்சது."

"நான் யாரையும் கடிக்கச் சொல்லலையேப்பா"ன்னான் கருத்தமலை, திடுக்கிட்டு.

"நானும் யாரையும் திட்டச் சொல்லலையே"ன்னா பெருமாயி.

சடையாண்டி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான்.

"சொல்லலதான் சாமி. ஆனா நாங்க கத்துனது உங்க காதுல விழாம இருந்திருக்காது. வேணாம்னும் சொல்லலையே!"

ரெண்டு பேரும் சேத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பெருமாயி மெதுவா எந்திரிச்சா.

"நான் வந்து அந்த மரத்தை ஒரு உலுக்கு உலுக்கட்டுமா?"

"வேணாம் தாயி. நீங்க வந்தா அது யானைச் சண்டை ஆயிரும். பேசினது நான். நானே போறேன்."

மடு ஓரத்துல குனிஞ்சு, கொண்டையில இருந்த செம்மண்ணைக் கழுவினான். மடுத் தண்ணிய அவன் தொட்டது அன்னைக்குத்தான்.

சடையாண்டி இச்சி மரத்துக்குத் தத்திப் போறான்னு காடு பூராம் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் செம்மண்ணு கூட்டம், அந்தப் பக்கம் வெள்ளைக் காலு கூட்டம். சன்னாசி "தியாகி வாழ்க!"ன்னான். மொக்கையன் பல்லைக் காட்டினான். எல்லாரும் ஒரு நல்ல சண்டைக்கு வசதியா எடம் புடிச்சு உக்காந்துட்டாங்க.

சடையாண்டி மரத்தடியில நின்னான். எப்பவும் உச்சியில நின்னே பேசினவன். இப்ப அண்ணாந்து பாத்துப் பேசணும்.

"உங்க குட்டிகளுக்குப் பழம் கிடையாதுன்னு பேசினது நான்தான். என்னைய யாரும் பேசச் சொல்லல. தண்ணியப் பத்திப் பேசினேன், ஒருத்தரும் கேக்கல. சுருளிய நக்கலடிச்சேன், சிரிச்சீங்க. குட்டிகளச் சாகச் சொன்னேன், பாறையே ஆடுச்சு. அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அம்புட்டுத்தான்யா. அத விட்டா வேற காரணமே இல்ல."

"அண்ணே, என்னண்ணே பேசுறீங்க!"ன்னு பதறினான் சன்னாசி. பின்னாடி இருந்து யாரோ, "விலை போயிட்டான்! துரோகி!"ன்னு கத்தினாங்க.

சடையாண்டி திரும்பிப் பாக்கல. "என் ஓட்டு இன்னைக்கும் பெருமாயிக்குத்தான். அத மாத்திக்க நான் வரல. சொன்ன வார்த்தைய எடுத்துக்க வந்திருக்கேன். என்னையக் கடிக்கணும்னா இன்னொரு றெக்கை இருக்கு, கடிச்சுக்கங்க. பழம் மட்டும் சுருளி எடுத்துட்டுப் போகட்டும். உள்ள இருக்கிறவ நேத்து சாயந்தரம் சாப்பிட்டவ."

மொக்கையன் அடுத்து என்ன திட்டுறதுன்னு யோசிச்சான். கீழ நிக்கிறவன் திருப்பித் திட்டாம நின்னா, திட்டுறதும் வரமாட்டேங்குது!

நடுக்கிளையில பேச்சின்னு ஒரு தாய்க்குரங்கு. நெஞ்சுல குட்டி பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேச்சி பக்கத்துல இருந்த கொத்தை முறிச்சுக் கீழ போட்டா. கொத்து நிறையப் பழம்.

"ஏய் பேச்சி! என்ன பண்றே?"ன்னான் மொக்கையன்.

"குஞ்சு பொரிச்சு எத்தனை நாளு?"ன்னு கேட்டா பேச்சி. மொக்கையன்கிட்ட இல்ல, சடையாண்டிகிட்ட.

"பதினாறு நாளு தாயி."

"என் புள்ளைக்குப் பதினெட்டு"ன்னா பேச்சி. "ஆனா ஒண்ணு! என் ஓட்டு கருத்தமலைக்குத்தான். இதுக்காக மாத்திப் போடுவேன்னு நினைக்காதே!"

"மாத்திப் போடாதே தாயி! அப்படி மாத்திப் போட்டா நானே உன்னைய மதிக்கமாட்டேன்!"

மரத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இன்னொரு கொத்து விழுந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. சுருளி கன்னம் வெடிக்கிற அளவுக்கு அடக்கிக்கிட்டு ஓடினான். ஓடை தாண்டும்போது பின்னாடி சின்னதா ஒரு றெக்கைச் சத்தம். சன்னாசி, அலகுல ஒரே ஒரு பழத்தோட.

"அண்ணிகிட்ட நான் லேட்டா வந்தேன்னு சொல்லாதே"ன்னான்.

"சொல்லமாட்டேன். அவுகளே சொல்லுவாக"ன்னான் சுருளி.

சொன்னா! அன்னைக்குச் சந்து வழியா ஒச்சம்மா புருசனுக்கும் சன்னாசிக்கும் விட்ட டோஸு, எந்தக் கூட்டத்துலயும் யாரும் கேட்டிருக்கமாட்டாங்க.

ஓட்டுப் போடுற நாளு வந்துச்சு. உப்புப் பாறைக்குப் போய், புடிச்சவங்க குழியில ஒரு கல்லைப் போடணும், அதுதான் ஓட்டு. சடையாண்டிக்குப் புது எறகு அப்பத்தான் மொளைக்குது, பறக்க முடியாது. சுருளி கூடவே நடந்தான். காலையில கிளம்பி, வழியெல்லாம் உக்காந்து உக்காந்து, மத்தியானம் போய்ச் சேந்தாங்க. சடையாண்டி ஒரு கல்லை எடுத்துப் பெருமாயி குழியில போட்டான். சுருளி ஒரு கல்லை எடுத்துக் கருத்தமலை குழியில போட்டான்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க.

"ஏன் மாமா, உங்க ஓட்டும் என் ஓட்டும் சரிக்குச் சரியாப் போச்சே. நாம வீட்டுலயே இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்தான். ஆனா பேசிக்கிட்டே வந்தது நல்லாத்தான்டா இருந்துச்சு."

ஓட்டுக்காகக் கத்துற கூட்டம் ஓட்டோட கலைஞ்சு போயிரும், நாளைக்குப் பசிக்கும்போது கூட நிக்கப் போறது பக்கத்து மரத்துக்காரன்தான். அதனால நாலு பேரு கைதட்டுறாங்கன்னு அவன் வயித்துல அடிக்கிற வார்த்தையப் பேசிறாதீங்க.